சிறு வேட்டையும் பாயின்ட் டூ டூ தோட்டாவும்

பேச்சு வழக்கில் பாயின்ட் டூ டூ எனப்படும் 0.22 அங்குலத் தோட்டா, உலகில் மிக அதிகமாகச் சுடப்படும் தோட்டாக்களில் ஒன்றாகும். முயல், அணில் போன்ற சிறிய உயிர்களை வேட்டையாடவும், பயிரைக் கெடுப்பவை என்று கருதப்படும் உயிர்களைக் கொல்லவும் மேலை நாடுகளில் இன்றும் இதுவே முதலில் எடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இதைக் கையில் தொட்டவர்களுள் பெரும்பாலோர் வேட்டைக்காரர் அல்லர். தேசிய மாணவர் படையில் காக்கி உடுத்திய பள்ளி, கல்லூரி மாணவர்கள்தாம். வேட்டையால் வளர்ந்த ஒரு தோட்டா இங்கே அட்டையில் வரைந்த வட்டத்துக்கு மட்டும் உரியதாக ஆன கதை, நம் வேட்டைச் சட்டங்களின் கதையும் ஆகும்.

விளிம்பில் வெடிக்கும் தோட்டா

தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, ஈயக் குண்டு, தீப்பற்ற வைக்கும் கலவை ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு பொதி. பெரிய ரைபிள் தோட்டாக்களில் தீப்பற்றும் கலவை அடிப்பாகத்தின் நடுவில் தனியான சிறு கேப்பாக இருக்கும். பாயின்ட் டூ டூ போன்றவற்றில் கேப்பு தனியாக இல்லை. கூட்டின் அடி விளிம்பு உள்ளே வெற்றிடமாக மடிக்கப்பட்டிருக்கும். கலவை அந்த மடிப்புக்குள் பரவி நிற்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் தீப்பிடிக்கிறது. ஆகவே இவற்றை விளிம்பு வெடித் தோட்டாக்கள் என்கிறோம். (இணையக் கலைக்களஞ்சியங்களில் தோட்டாவை வெடிபொதி என்று எழுதுவோர் உண்டு. நல்ல சொல்தான், ஆனால் படிப்பவர் தடுமாறாமல் இருக்க இங்கே தோட்டா என்றே எழுதப்படுகிறது.)

இதன் வலிமையும் வரம்பும் இந்த அமைப்பிலேயே உள்ளன. ஊசி நசுக்க வேண்டுமானால் விளிம்பின் உலோகம் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய உலோகம் மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஹென்றி, ஸ்பென்சர் துப்பாக்கிகள் பெரிய விளிம்பு வெடித் தோட்டாக்களைச் சுட்டன. புகையில்லா வெடிமருந்து வந்து அழுத்தம் கூடியபோது அவை மறைந்தன, சிறியவை தங்கின. செய்வது எளிது, விலை மலிவு, சத்தம் குறைவு, தோளில் உதைப்பு மிகக் குறைவு. சுட்டு முடித்த கூட்டைப் பெரிய தோட்டாக்களைப் போல மீண்டும் நிரப்பிப் பயன்படுத்த முடியாது என்பது ஒரு குறை. மலிவாகக் கிடைத்ததால் அந்தக் குறையை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

எந்த உயிருக்கு எந்தத் தோட்டா

1845 இல் பிரான்சைச் சேர்ந்த லூயி நிக்கோலா ஃப்ளோபேர் ஒரு கேப்பின் வாயில் சிறு குண்டைப் பொருத்தி, வீட்டுக் கூடத்திலேயே சுட்டு விளையாடத்தக்க தோட்டாவைச் செய்தார். 1857 இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெசன் நிறுவனம் தன் முதல் ரிவால்வருக்காக 0.22 ஷார்ட் தோட்டாவை வெளியிட்டது. 1871 இல் லாங் வந்தது. 1887 இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம், லாங் தோட்டாவின் கூட்டில் எடை கூடிய குண்டைப் பொருத்தி 0.22 லாங் ரைஃபிள் என்று பெயரிட்டது. இன்று வெறுமனே பாயின்ட் டூ டூ என்றால் இதுதான். இதன் குண்டு வழக்கமாக 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 330 முதல் 380 மீட்டர் வேகத்தில் கிளம்பும்.

வேட்டைக்காரர் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது எதிர்கொண்ட கேள்வி வலிமையைப் பற்றியது மட்டுமன்று. முயலைக் கறிக்காகச் சுடுபவருக்குக் குண்டு அதிக வேகத்தில் போனால் நட்டம், சதை சிதறிவிடும். பயிரைக் காக்கச் சுடுபவருக்குக் கறி பொருட்டன்று. தொலைவு எட்ட வேண்டும், காயத்தோடு ஓடவிடாமல் ஒரே அடியில் சாக வேண்டும். கறிக்குச் சுட்டவர்கள் லாங் ரைஃபிளோடு நின்றார்கள். அதற்குப் பொருத்தமான தொலைவு 70, 80 மீட்டர். அதற்கு மேல் குண்டு வேகமாகத் தாழ்ந்துவிடும். காற்றும் அதைத் தள்ளும். மற்றவர்களுக்காக வின்செஸ்டர் நிறுவனம் 1959 இல் 0.22 மேக்னத்தைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ அதே எடையுள்ள குண்டு நொடிக்கு 570 மீட்டர் அளவில் போனது. ஆற்றல் இரு மடங்குக்கு மேல். 2002 இல் ஹோர்னடி நிறுவனம் அந்த மேக்னம் கூட்டின் கழுத்தைச் சுருக்கி, 17 கிரெய்ன் மட்டுமே உள்ள குண்டை வைத்து 0.17 தோட்டாவை வெளியிட்டது. அது நொடிக்கு 770 மீட்டருக்கு மேல் போகும். பாதை நேர்கோட்டுக்கு அருகில் இருக்கும். சிறு விலங்கின் உடலிலேயே நொறுங்கிவிடும். கறி வேண்டுபவருக்கு அதனால் பயன் குறைவு.

இந்தப் பட்டியலில் மேக்னமும் 0.17 உம் தமிழ்நாட்டு வேட்டைக்கு ஏறக்குறையச் சம்பந்தமில்லாதவை. மேக்னம் வந்த அதே 1959 இல்தான் இந்தியாவின் புதிய ஆயுதச் சட்டமும் இயற்றப்பட்டது. 0.17 பிறந்தபோது இங்கே வேட்டை உரிமம் என்ற ஒன்றே இல்லை.

ரவைக்கு வசப்பட்ட நாடு

சென்னை மாகாணத்தின் சமவெளியில் சிறு வேட்டை என்பது பெரும்பாலும் ரவை வேட்டையே. ரவைத் துப்பாக்கி ஒரே வெடியில் நூற்றுக்கணக்கான ஈய மணிகளைச் சிதறச் செய்யும். பறக்கும் பறவையையும் ஓடும் முயலையும் அதனால் வீழ்த்தலாம். பாயின்ட் டூ டூ ஒற்றைக் குண்டு. நிற்கும் உயிரைத்தான் அடிக்க முடியும். நெல் வயலில் உள்ளான் வேட்டை ஆங்கிலேயருக்குப் பெரும் பொழுதுபோக்கு. உள்ளான் எழும்போதே வளைந்து வளைந்து பறக்கும். அதைச் சுடுவது கடினம். மறைந்திருந்து குறி தவறாமல் சுடுபவரைக் குறிக்கும் ஸ்னைப்பர் என்ற ஆங்கிலச் சொல், 18 ஆம் நூற்றாண்டு இந்தியாவில் உள்ளானைச் சுட்ட படை அதிகாரிகளிடையே பிறந்தது என்பது வியப்பான செய்தி.

சுட்டவர்களைத் தடுத்த வரலாறும் சமவெளியில் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதைக் கண்டு ஊரார் முறையிட்டனர். 1798 இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் நெல்லுக்கு உரம் என்பதை ஊரார் அறிந்திருந்தார்கள்.

ஒற்றைக் குண்டுக்குச் சமவெளியில் இன்னொரு தடையும் இருந்தது. பாயின்ட் டூ டூ குண்டு சிறிது என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. தடுக்க எதுவும் இல்லையென்றால் அது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகும். தண்ணீரிலோ கல்லிலோ பட்டால் திசை மாறித் தெறிக்கும். ரவை அதில் ஒரு சிறு பங்குத் தொலைவிலேயே விழுந்துவிடும். சென்னைக்கு மேற்கே ஐயப்பன்தாங்கல், பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் பக்கம் ஊருக்கு ஊர் ஏரியும் தாங்கலும் நெருங்கிக் கிடந்தன. தாங்கல் என்றாலே சிறிய ஏரி. வரப்பில் நடப்பவர், ஏற்றம் இறைப்பவர், மாடு மேய்க்கும் சிறுவர் என்று எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும் வெளியில் ரைபிளைக் கொண்டு முயலைக் குறிபார்ப்பது அறிவுடைமையாக இருந்திருக்காது.

மலைகளின் நிலை வேறு. சரிவுகளில் குண்டு மண்ணில் புதையும்; ஆள் நடமாட்டம் குறைவு. 1879 இல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடமான், வரையாடு ஆகியவற்றுடன் முயல், காட்டுக்கோழி போன்ற சிற்றுயிர்களையும் வேட்டைப் பொருளாக வரையறுத்து, சுடக்கூடாத பருவங்களை அது அறிவித்தது. இச்சட்டம் விலங்குகளின் மேல் கொண்ட அன்பால் மட்டும் வந்ததன்று. அடுத்த ஆண்டும் சுடுவதற்கு விலங்கு மிச்சம் இருக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அதே நீலகிரியில் செந்நாயைக் கொன்றவருக்குப் பரிசுத் தொகை கொடுக்கப்பட்டது. துரைமார் வேட்டையாடும் மானைத் தின்பதால் அது ஒழிக்கப்பட வேண்டிய கேடு. இன்று அதே செந்நாய் சட்டப் பாதுகாப்புள்ள, அருகிவரும் விலங்கு.

துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்பதை 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தீர்மானித்தது. இந்தியர் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர் பெற்ற பி. ஓர் அண்டு சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. அந்தப் பெயர் பொறித்த பழைய வேட்டைத் துப்பாக்கிகளை இன்றும் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றை வாங்கியவர்கள் துரைமார், சமஸ்தானத்தார், ஜமீன்தார், பெருநிலக்கிழார் போன்ற ஒரு சிலர்.

குருவிக்காரர் துப்பாக்கி

உண்மையில் நம் ஊர்களில் சிறு வேட்டையைத் தொழிலாக வைத்திருந்தவர்கள் நரிக்குறவர்கள். குருவிக்காரர் என்ற பெயரே அவர்கள் பிடித்து விற்ற காடை, கௌதாரி, குருவிகளால் வந்தது. அவர்கள் கையில் இருந்தது பித்தளைத் தோட்டா போடும் துப்பாக்கி அன்று. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, நாரையோ துணியையோ அடைத்து, ஈய ரவையோ பால்ரசோ போட்டு, கம்பியால் கெட்டித்து, பின்புறம் கேப்பு வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே ஒரு நிமிடமாவது ஆகும். அதனால் ஒரே வெடியில் காரியம் முடிய வேண்டும். காத்திருந்து, மிக அருகில் போய்ச் சுட வேண்டும். மருந்தின் அளவை ஒவ்வொரு முறையும் உயிருக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக் கொள்ளலாம். அமெரிக்க வேட்டைக்காரர் ஷார்ட்டா, லாங்கா, மேக்னமா என்று கடையில் செய்த தேர்வை நரிக்குறவர் உள்ளங்கையில் மருந்தைக் கொட்டும்போதே செய்துகொண்டார் என்று சொன்னால் அது மிகையாகாது.

மவுண்ட்–பூந்தமல்லி சாலையின் இருபுறமும் வயலாக இருந்த காலத்தில், அறுவடை முடிந்த மாதங்களில் இவர்கள் குடும்பத்தோடு வந்து தங்கியதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். விவசாயிகள் இவர்களை விரட்டவில்லை. எலியும் முயலும் குறைவது அவர்களுக்கும் நன்மையே. சட்டம் இந்தத் தொழிலை மூடியபோது மாற்றாக எதையும் கையில் கொடுக்கவில்லை. ஊசியும் பாசிமணியும்தான் மிஞ்சின. நரிக்குறவரும் குருவிக்காரரும் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023 தொடக்கத்தில்தான். வன உயிர்களைக் காத்தது சரியே. ஆனால் அந்தக் காப்பின் விலையைக் கொடுத்தவர்களில் இவர்கள் முன்வரிசையில் நின்றார்கள் என்பதையும் வரலாற்றில் எழுதத்தான் வேண்டும்.

வேட்டையிலிருந்து வகுப்பறைக்கு

பாயின்ட் டூ டூ தமிழ்நாட்டில் பரவலானது இன்னொரு வழியாக. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரித்தானியப் படையினர் குறிபார்த்துச் சுடுவதில் பின்தங்கியிருந்தது வெளிப்பட்டது. சாதாரண மக்களுக்கும் சுடக் கற்றுத்தர வேண்டும் என்ற இயக்கம் அங்கே எழுந்தது; 1901 இல் சிறு ரைபிள் கழகங்களுக்கான சங்கம் ஒன்று தோன்றியது. அதன் பெரும் ஆதரவாளர் ராபர்ட்ஸ் பிரபு. இவர் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். இராணுவ ரைபிள் தோட்டா விலை அதிகம், திடல் நீளமாக வேண்டும். பாயின்ட் டூ டூவுக்கு 25 கஜம் போதும். எனவே இராணுவத்தின் லீ என்ஃபீல்டு ரைபிள்களிலேயே சிறு குழல் பொருத்திப் பயிற்சி ரைபிள் ஆக்கினார்கள். எடையும் பிடியும் போர் ரைபிளைப் போலவே இருக்கும். வெடிப்பது முயல் தோட்டா.

விடுதலைக்குப் பின் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய மாணவர் படை அமைந்தபோது இந்த முறையே தொடர்ந்தது. பழைய லீ என்ஃபீல்டு வகையும், பின்னர் டீலக்ஸ் என்ற இந்திய ரைபிளும் மாணவர் கைக்கு வந்தன. பயிற்சிக் குறிப்புகளில் பயனுள்ள தொலைவு 25 கஜம் என்று எழுதப்பட்டிருக்கும். அது பயிற்சித் திடலின் அளவு. ஆனால் சில குறிப்புகளில் குண்டின் வேகம் நொடிக்கு 2,700 அடி என்று காணப்படுகிறது, இது தவறு. லாங் ரைஃபிள் குண்டு 1,100, 1,200 அடி வேகத்தில்தான் போகும். மாணவர்கள் அந்த எண்ணையே மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள் என்பதால் இங்கே குறிப்பிடப்படுகிறது. தரையில் படுத்து ஐந்து குண்டு சுட்ட மாணவர், எழுந்ததும் சிதறிய காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அனைவரும் குனிந்து தேட வேண்டியதுதான்.

1951 இல் இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் தொடங்கியது. மக்களவைத் தலைவர் மாவலங்கர் அதன் முதல் தலைவர். சென்னையில் எழும்பூர் பழைய காவல் ஆணையர் அலுவலக வளாகத்தில் ரைபிள் கழகம் இயங்கிவருகிறது. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டி லாங் ரைஃபிள் தோட்டாவால் நடப்பது. 25 மீட்டர் விரைவுத் துப்பாக்கிப் போட்டியில் 2004 வரை ஷார்ட் தோட்டா இருந்தது. பின்னர் விதி மாறி லாங் ரைஃபிள் ஆனது. அந்தப் போட்டியில் விஜய் குமார் 2012 இல் வெள்ளி வென்றார். 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே 2024 இல் வெண்கலம் வென்றார். பழைய ரவை மரபுக்கும் தமிழ்நாட்டில் ஒரு தொடர்ச்சி உண்டு: பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டுகளைச் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டையைச் சேர்ந்தவர்.

கதவுகள் மூடிய வரிசை

1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உள்ளே மரை இல்லாத துப்பாக்கியையும், உண்மையான பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கியையும் அது தனியாகக் குறிப்பிட்டு வழிவிடுகிறது. பயிர்க் காவலுக்குச் சட்டம் நினைத்துப் பார்த்தது நாட்டுத் துப்பாக்கியைத்தான். பாயின்ட் டூ டூவை அன்று. பாயின்ட் டூ டூ அச்சட்டத்தில் வருவது வேறோர் இடத்தில்: ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி எண்ணிக்கைக்கான வரம்பு, அங்கீகாரம் பெற்ற ரைபிள் கழக உறுப்பினர் குறிபார்க்கும் பயிற்சிக்குப் பயன்படுத்தும் பாயின்ட் 22 ரைபிளுக்குப் பொருந்தாது. அந்த வரம்பு மூன்றாக இருந்து, 2019 திருத்தத்தில் இரண்டாயிற்று. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. தகுதி பெற்ற போட்டி வீரர்களுக்கே விலக்கு.

1972 ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை உடனே முற்றிலும் தடை செய்துவிடவில்லை என்பது பலர் அறியாதது. அதன் நான்காம் அட்டவணையின் தலைப்பே சிறு வேட்டை விலங்குகள் என்பதுதான். முயலெல்லாம் அதில் இருந்தன. சிறு வேட்டைக்கென்று தனி உரிமமும் உண்டு. ஐந்தாம் அட்டவணை கேடு செய்யும் உயிர்கள்: காகம், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால்கள். 1991 திருத்தம் வேட்டை உரிமங்களை ஒழித்தது. ஐந்தாம் அட்டவணை மேலும் முப்பது ஆண்டுகள் இருந்தது. தமிழ்நாட்டில் சில ஊர்கள் ஆலமரத்து வௌவால்களுக்காகத் தீபாவளி வெடியைக்கூட விட்டுவிட்டன; அதே வௌவால் சட்டப் புத்தகத்தில் எலியோடு ஒரே வரிசையில் நின்றது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணை நீங்கியது. ஓர் உயிரைக் குறித்த இடத்துக்கும் காலத்துக்கும் கேடு என்று அறிவிக்கும் அதிகாரம் மட்டும் மத்திய அரசிடம் உள்ளது. 2015 இல் பீகாரில் நீலகாய்க்கும் காட்டுப்பன்றிக்கும் அப்படி அறிவித்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை பொருத்தம். 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர்கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதனால் அதைக் கொண்டு கொக்கு, காடை சுடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வன உயிர்ச் சட்டம் எந்தக் கருவியால் கொன்றாய் என்று கேட்பதில்லை. கவட்டையால் கொன்றாலும் வேட்டைதான்.

பன்றியும் பயிரும்

இன்று தமிழ்நாட்டு விவசாயிக்கு முயலும் அணிலும் பெரிய சிக்கல் அல்ல. மலையடிவார ஊர்களில் நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு ஆகியவற்றை ஓரிரவில் கிளறிப் போடுவது காட்டுப்பன்றி. பாயின்ட் டூ டூ இதற்கு உதவாது. அதன் ஆற்றல் 200 ஜூலைத் தொடாது. தடித்த தோலும் கொழுப்பும் உள்ள பன்றி காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து பல நாள் வதைபட்டுச் சாகும். பயிரைக் காக்க வழி தெரியாதவர்கள் சிலர் மின்வேலி போடுகிறார்கள். சிலர் அவுட்டுக்காய் எனப்படும் வெடி உருண்டையை வைக்கிறார்கள். இரண்டும் குற்றம். அவற்றில் யானையும் மாடும் மனிதரும் சிக்கி இறக்கிறார்கள்.

2025 சனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு வரையறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரையும் தாண்டி வருவதைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். காட்டை ஒட்டியே நிலம் உள்ளவருக்குத்தான் சேதம் அதிகம். அவருடைய நிலம் முதல் கிலோமீட்டருக்குள் வருகிறது. பரணில் உட்கார்ந்து தகர டப்பாவைத் தட்டும் இரவுக் காவல் அங்கே தொடர்கிறது.